இன்னைக்கு எந்த நாடு?

எங்கள் ஆபீஸ் அக்கா காலையில் உள்ளே நுழைந்ததும் கைப்பையைக் கூட கீழே வைக்க மாட்டார். நேராகப் போய்ச் சுவரைப் பார்ப்பார். சுவர் என்று பெயர்தான், அத்தனையும் காலண்டர். எங்களுடையது ராயபுரத்தில் ஒரு கப்பல் ஏஜென்ட் ஆபீஸ். துறைமுகத்துக்கு வரும் வெளிநாட்டுக் கப்பல்களுக்குத் தண்ணீர், சாப்பாடு, டாக்டர், காகிதம் என்று கரையில் ஆகவேண்டிய காரியங்களைப் பார்த்துக் கொடுப்பது பிழைப்பு. வருஷக் கடைசியில் உலகத்தின் எந்தெந்த மூலையிலிருந்தோ கப்பல் கம்பெனிகள் காலண்டர் அனுப்பும். மற்ற ஆபீஸ்களில் நல்ல படம் போட்டதை மேனேஜர் வீட்டுக்கு எடுத்துப் போவார். எங்கள் ஆபீசில் ஒன்று விடாமல் அக்காவின் மேஜைக்குப் பின்னால் ஆணியில் ஏறிவிடும். ஒவ்வொன்றிலும் அந்தந்த நாட்டு விடுமுறை சிவப்பில் இருக்கும். எழுத்து படிக்கத் தெரியாவிட்டாலும் சிவப்பு சிவப்புதானே.

"பாய், இன்னிக்கு நார்வேக்காரனுக்கு லீவு. அங்க போன் அடிச்சினு குந்தாத, எவனும் எட்க்க மாட்டான்" என்பார் என்னிடம். நான் வண்ணாரப்பேட்டைக்காரன். கப்பலுக்குப் படகில் போய்க் காகிதங்களில் கையெழுத்து வாங்கி வரும் வேலை எனக்கு. போனும் வி.எச்.எஃப். ரேடியோவும் அக்காவின் பொறுப்பு. நங்கூரம் போட்டுக் கிடக்கும் கப்பலோடு கரையிலிருந்து பேசுவதற்கு அந்த ரேடியோ. எந்த நாட்டில் எப்போது கடை மூடியிருக்கும் என்று தெரிந்துவைத்துக்கொள்வது எங்கள் தொழிலில் எல்லாருக்கும் அவசியம்தான். ஆனால் எல்லாருக்கும் அது தொந்தரவு. அக்காவுக்கு மட்டும் அது கொண்டாட்டம்.

எம்.கே.பி. நகரிலிருந்து பஸ் பிடித்து வருவார். பஸ்ஸில் எதிரே உட்கார்ந்தவர் யாராக இருந்தாலும் அன்றைக்கு எந்த நாட்டுக்கு விசேஷம் என்று தெரிந்துகொள்ளாமல் இறங்க முடியாது. குரல் பெரியது. கண்டெய்னர் லாரிகள் வரிசைகட்டி ஹாரன் அடித்தாலும் அதற்கு மேலே கேட்கும். ரேடியோ இல்லாமலே கப்பலுக்குக் கேட்கும் என்று நாங்கள் கிண்டல் செய்வோம்.

யாரிடமும் வேலையைச் சொல்வதற்கு முன்னால் வாழ்த்தைச் சொல்லிவிட வேண்டும் என்பது அவர் சட்டம். வாழ்த்துக்குப் பின்னால் ஒரு ஜோக். ஜோக்குக்குப் பின்னால் அந்த நாட்டுப் பாட்டைப் பற்றி ஒரு சங்கதி. மூன்றும் ஆனபிறகுதான் சரக்கு, காகிதம், தண்ணீர் எல்லாம். மேஜையில் ஒரு பழைய சிற்றலை ரேடியோ இருக்கும். போகிற வருகிற மாலுமிகள் கொடுத்த கேசட்டுகள் டிராயர் நிறைய. அதனால் சங்கதிக்குப் பஞ்சமே கிடையாது.

நார்வேக் கப்பல் ஒன்று மே மாதம் வந்திருந்தது. கேப்டன் சிரிக்காத மனுஷன். நான் மேலே போனாலே பேனாவைப் பிடுங்கிக் கையெழுத்துப் போட்டுக் கீழே இறக்கிவிடுவார். அவர்கள் தேசிய தினத்தன்று அக்கா ரேடியோவில் கூப்பிட்டு வாழ்த்துச் சொல்லிவிட்டு, தன் இங்கிலீஷில் ஆரம்பித்தார். ஐரோப்பாவில் வருஷா வருஷம் நாடுகளுக்குள் பாட்டுப் போட்டி நடக்கிறது. அதில் நார்வே எத்தனையோ தரம் சைபர் மார்க் வாங்கியிருக்கிறது. ஜெயித்தவனை எவனும் ஞாபகம் வைத்துக்கொள்வதில்லை, சைபர் வாங்கியவனைத்தான் உலகமே ஞாபகம் வைத்திருக்கிறது, ஆகையால் வாழ்த்துகள், ஓவர். மறுமுனையில் கரகரவென்று சத்தம். பிறகு ஒரு கனைப்பு, அதற்குப் பிறகு சிரிப்பு. நான் அடுத்த தரம் போனபோது அந்தக் கேப்டன் காப்பி கொடுத்து உட்காரச் சொன்னார்.

"எப்டிக்கா உனக்கு தைரியம் வந்துச்சு?" என்று கேட்டேன்.

"இன்னா பாய், வூட்ட வுட்டு எட்டாத தூரத்துல கெடக்குறான். அவன் ஊரப் பத்தி ஒருத்தி திட்னாக்கூட அவனுக்கு சந்தோஷந்தான். ஊர் பேர காதால கேக்குறான்ல!"

கிரீஸ் நாட்டில் அக்டோபரில் ஒரு விடுமுறை உண்டு. போரில் எதிரி கேட்டதற்கு 'முடியாது' என்று சொன்ன நாள். "முடியாதுன்னு சொன்னதுக்கு ஒரு நாடே லீவு வுடுதுபா. அப்டிப் பாத்தா எங்க வூட்டுக்காரருக்கு டெய்லி லீவு" என்பார். ஸ்பெயினின் தேசிய கீதத்துக்கு வார்த்தைகளே கிடையாதாம். "ஸ்கூல்ல தப்பா பாடி அடி வாங்குற வேலயே இல்ல, ஸோக்கா கீதில்ல?" இங்கிலாந்துக் கப்பல் வந்தால் வாழ்த்தே கிடையாது. உலகத்தில் பாதி நாட்டுக்குச் சுதந்திர தினம் வாங்கிக் கொடுத்ததே அவர்கள்தான், அவர்களுக்கு மட்டும் அப்படி ஒரு லீவு இல்லை, பாவம் என்று உச்சுக்கொட்டுவார். அயர்லாந்து வரிசையாக மூன்று வருஷம் பாட்டுப் போட்டியில் ஜெயித்து, ஜெயித்தவனே அடுத்த வருஷம் போட்டியை நடத்தவேண்டும் என்ற விதியில் மாட்டிக்கொண்டு விழித்த கதையை நடித்தே காட்டுவார்.

எந்த நாட்டுப் பாட்டைக் கேட்டாலும் அக்கா ஒரே தராசில்தான் நிறுப்பார். "இதுவும் கானாதான் பாய். மூலக்கொத்தளத்துல சாவுக்குப் பாடுறவன் எங்கேர்ந்து பாடுறானோ அங்கேர்ந்துதான் இவனும் பாடுறான். டிரெஸ்ஸு ஒண்டி வேற." கொரியாக்காரர்களோடு மட்டும் தனி சொந்தம், அவர்களுக்கும் நமக்கும் சுதந்திர தினம் ஆகஸ்ட் பதினைந்துதான் என்று. ஒரு வருஷம் எங்கள் மாடியில் கொடியேற்றும்போது ஒரு கொரிய மாலுமி வந்து மாட்டிக்கொண்டார். அவர் சட்டையில் கொடியைக் குத்தி, கையில் ஆரஞ்சு மிட்டாயைத் திணித்து, அவர்கள் ஊர்ப் பாட்டைப் பாடவைத்த பிறகுதான் அக்கா விட்டார்.

இதெல்லாம் வெறும் வாய் என்று நானும் ஆரம்பத்தில் நினைத்தேன். வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷம் பக்ரீத் அன்று ஒரு கப்பல். புது ஆள், லீவு கேட்க வாய் வரவில்லை. காலையில் தொழுகை முடித்த கையோடு ஆபீசில் போய் நின்றேன். அக்கா என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது. "யார் யாருக்கோ பண்டிகைக்கு வாழ்த்து சொல்லிகினு கீறேன், பக்கத்து சீட்டுல ஒருத்தன் பெருநாள் அதுவுமா வேலைக்கு வந்து நிக்கிறான்" என்று என் கையிலிருந்த ஃபைலைப் பிடுங்கி, புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, தானே படகேறிக் கப்பலுக்குப் போய்விட்டார். அதுவரைக்கும் அவர் படகில் போனதே இல்லை. திரும்பி வந்து ஒரு வாரம் தலை சுற்றுகிறது என்றார். தன் பண்டிகை நாளில் ஒரு ஆள் கேட்பாரில்லாமல் கிடக்கக் கூடாது. அக்காவிடம் இருந்த கொள்கை அது ஒன்றுதான்.

அந்தக் கொள்கைக்குப் பெரிய சோதனையாக ஒரு கப்பல் வந்து சேர்ந்தது.

நடுத்தரமான பழைய சரக்குக் கப்பல். காசிமேட்டுக்கு நேரே, கரையிலிருந்து பார்த்தால் தெரியும் தூரத்தில் நங்கூரம் போட்டது. சரக்கு பற்றி வழக்கு வந்தது. கோர்ட் கப்பலை நகரக் கூடாது என்று நிறுத்தி வைத்தது. கப்பல் முதலாளி ஏதோ ஒரு நாட்டில் போனை எடுக்காமல் கைகழுவிவிட்டார். கேப்டன் உக்ரைன்காரர், செகண்ட் ஆபீசர் பிலிப்பைன்ஸ்காரர், சமையல்காரர் பர்மாக்காரர், மற்றவர்களும் இப்படிப் பல ஊர். இறங்கி ஊருக்குப் போகவும் அனுமதியில்லை, கப்பலில் இருக்கச் சம்பளமும் இல்லை. எங்கள் பம்பாய் ஹெட் ஆபீஸ், இனி நாம் இந்தக் கப்பலுக்கு ஏஜென்ட் இல்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டது. அரிசியும் தண்ணீரும் தர்ம ஸ்தாபனம் ஒன்றின் தயவில் எப்போதாவது படகில் போகும். பேச்சுக்கு மட்டும் ஆள் இல்லை.

மேனேஜர் நல்ல மனுஷன், பயந்தவர். அக்காவைக் கூப்பிட்டார். "அம்மா, அந்தக் கப்பலோட இனிமே ரேடியோவிலே பேசாதீங்க. பேசினா நாமதான் ஏஜென்ட்னு கோர்ட்ல பிடிச்சுப்பாங்க. என் வேலையும் போயிடும், உங்க வேலையும் போயிடும்."

"சார், உக்ரைன்காரனுக்கு அடுத்த மாசம் சுதந்திர தினம் வருது. வாழ்த்துகூட சொல்லக் கூடாதா?"

மேனேஜர் பெருமூச்சு விட்டார். "சரி, தேசிய தினம்னா ஒரு வாழ்த்து. மரியாதைக்கு. அதோட நிறுத்திக்கணும்."

அவர் சொல்லி வாய் மூடவில்லை, அக்கா சுவரைப் பார்த்துவிட்டார். மறுநாள் காலை ரேடியோவை எடுத்து அந்தக் கப்பலைக் கூப்பிட்டார். "குட் மார்னிங் கேப்டன். டுடே பெல்ஜியம் நேஷனல் டே." கப்பலில் பெல்ஜியம்காரர் ஒருவர்கூடக் கிடையாது. அதற்கடுத்து எகிப்து. அதற்கடுத்து மாலத்தீவு. பெரு, சுவிட்சர்லாந்து, ஜமைக்கா. மேனேஜர் ஓடி வந்தார்.

"என்னம்மா இது?"

"தேசிய தினம் சார். நீங்கதான் சொன்னீங்க. யாரோட தேசிய தினம்னு சொல்லலியே!"

மேனேஜர் தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். பம்பாயிலிருந்து கேள்வி வந்தபோது, நட்பு நாடுகளுக்கு மரியாதை நிமித்தம் வாழ்த்துத் தெரிவிக்கிறோம் என்று பதில் எழுதினார். அதற்குப் பிறகு காலையில் வரும்போதே, "இன்னைக்கு எந்த நாடு?" என்று கேட்டுக்கொண்டுதான் வருவார்.

வாழ்த்து, ஜோக், பாட்டுச் சங்கதி. கேப்டன் ஒற்றை வார்த்தையில் நன்றி சொல்வார். செகண்ட் ஆபீசர் பாட்டுப் பைத்தியம். உலகத்தில் எந்த ஹோட்டலில் யார் பாட்டைப் பாடினாலும் பாடுகிறவன் பிலிப்பைன்ஸ்காரனாகத்தான் இருப்பான் என்று அக்கா சொன்னதற்கு, என் மாமா இரண்டு பேர் அப்படித்தான் பாடுகிறார்கள் என்றார். ரேடியோ பொதுவானது, யாரும் கேட்கலாம். பக்கத்தில் நங்கூரம் போட்டிருந்த கப்பல்களும் காலையில் அந்த நேரத்துக்குக் காதைக் கொடுக்க ஆரம்பித்தன. சிவப்புத் தேதி கிடைக்காத நாளில் ராணி பிறந்த நாள், கொடி நாள், மரம் நடும் நாள் என்று அக்கா எதையாவது தோண்டி எடுப்பார். மழைக்காலம் வந்தது. கப்பலில் ஜெனரேட்டர் பாதி நாள் ஓடவில்லை.

ஒரு நாள் செகண்ட் ஆபீசர் ஜோக்குக்குச் சிரிக்கவில்லை. சமையல்காரர் பேச்சை நிறுத்திவிட்டார் என்றார். சமைக்கிறார், ஆனால் சாப்பிடுவதில்லை. கப்பலின் ஓரக் கம்பியைப் பிடித்துக்கொண்டு தண்ணீரையே பார்த்துக்கொண்டு நிற்கிறார். ஆள் மாற்றி ஆள் காவல் இருக்கிறோம் என்றார்.

அக்கா ரேடியோவை வைத்துவிட்டு நெடுநேரம் பேசவில்லை. அவர் பேசாமல் இருந்து நான் பார்த்தது அன்றுதான். அதற்குப் பிறகு மற்ற நாடெல்லாம் பின்னுக்குப் போய்விட்டது. பர்மாவின் தேசிய தினம் எப்போது என்று காலண்டரில் தேடினார். ஆங்கிலேயர் காலத்தில் காலேஜ் மாணவர்கள் வேலைநிறுத்தம் செய்ததற்கான நாள் அது. "ஸ்ட்ரைக் பண்ணதுக்கு லீவு வுடுற நாடு பாய். நம்ம ஆர்பர் யூனியன்காரங்களுக்குத் தெரிஞ்சா அங்கயே பூடுவாங்க" என்று எனக்குச் சொல்லிப் பார்த்துக்கொண்டார். பக்கத்து வீட்டில் பர்மாவிலிருந்து திரும்பி வந்த குடும்பம். அந்த அம்மாவிடம் போய் பர்மிய மொழியில் வணக்கம் சொல்லக் கற்றுக்கொண்டு வந்தார். அந்தத் தேதிக்காக நாங்கள் எல்லாருமே காத்திருந்தோம், மேனேஜர் உட்பட.

அன்று காலை கப்பலைக் கூப்பிட்டு, சமையல்காரரை ரேடியோ பக்கம் அழைத்து வரச் சொன்னார். "மிங்கலாபா! ஹேப்பி நேஷனல் டே, குக்!" என்று முழுத் தொண்டையில் சொன்னார். ஸ்ட்ரைக் ஜோக்கையும் சொன்னார். கரகரப்பு மட்டும் வந்தது. பிறகு யாரும் கேட்டிராத ஒரு குரல், மெல்லியது, தயங்கித் தயங்கி இங்கிலீஷில் வந்தது.

"மேடம், தப்பு. அது போன வாரமே முடிந்துவிட்டது."

அக்கா திரும்பிச் சுவரைப் பார்த்தார். அந்த நாள் அவர்களுக்குப் பௌர்ணமிக் கணக்கில் வருவது, வருஷா வருஷம் தேதி மாறும். சுவரில் தொங்கிய பர்மாக் காலண்டர் போன வருஷத்தது. இந்த வருஷம் அந்தக் கம்பெனி அனுப்பவில்லை, கோபுரப் படம் அழகாக இருக்கிறது என்று அக்கா பழையதைக் கழற்றாமல் விட்டிருந்தார்.

"அன்னிக்கு நீ இன்னா பண்ண?" என்று தமிழிலேயே கேட்டுவிட்டார். சுதாரித்து இங்கிலீஷில் கேட்டார்.

"ஒன்றும் இல்லை. யாருக்கும் தெரியாது. நானும் சொல்லவில்லை."

அக்கா மைக்கைப் பிடித்துக்கொண்டு அழுதார். அழுதுகொண்டே திட்டினார். சொல்லியிருக்கக் கூடாதா, ஊரான் ஊட்டு லீவெல்லாம் நான் சொல்லிக்கொண்டிருந்தேனே, உன் லீவை விட்டுவிட்டேனே என்றார். மறுமுனையில் அந்த மனுஷன் அவருக்குச் சமாதானம் சொல்ல ஆரம்பித்தார். வாரக்கணக்கில் வாய் திறக்காதவர், பரவாயில்லை மேடம், அழாதீர்கள் மேடம் என்று பேசினார், பேசிக்கொண்டே இருந்தார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

மறுநாள் அக்கா பர்மாக்கார அம்மாவை ஆபீசுக்கே இட்டுக்கொண்டு வந்துவிட்டார். மேனேஜர் தானே எழுந்து நாற்காலி போட்டார். அந்த அம்மாவும் சமையல்காரரும் பர்மிய மொழியில் பேசினார்கள். அந்த அம்மா அவ்வப்போது எங்களுக்குச் சொன்னதிலிருந்து, பீச்சில் விற்கும் பர்மா நூடுல்ஸான அத்தோவில் இங்கே போடுகிற சாமானெல்லாம் சரியா தப்பா என்று இரண்டு பேரும் சண்டை போட்டது தெரிந்தது. அன்றைக்கு அவர் சாப்பிட்டார் என்று செகண்ட் ஆபீசர் சொன்னார்.

டிசம்பரில் அந்த நாள் வந்தது. தேதியை இங்கே எழுதமாட்டேன், காரணம் கடைசியில் தெரியும். அக்கா காலண்டர்களை ஒவ்வொன்றாகப் புரட்டினார். ராணி இல்லை, ராஜா இல்லை, கொடி இல்லை, மரம்கூட இல்லை. எந்த ஊரிலும் எவனுக்கும் லீவு இல்லாத நாள்.

"எதாச்சும் ஒரு நாட்டப் பேரு சொல்லிட வேண்டியதுதானக்கா, யாருக்குத் தெரியப்போவுது?" என்றேன்.

"ஒரு தபா தப்பு சொல்லிக் கெட்டது போதும் பாய். பொய் ஒண்டி சொல்ல மாட்டேன்."

ரேடியோவை எடுத்தார். குரல் இறங்கிவிட்டிருந்தது. இன்று எந்த நாட்டுக்கும் விசேஷம் இல்லை, மன்னிக்க வேண்டும் கேப்டன், ஓவர். கொஞ்ச நேரம் கழித்துப் பதில் வந்தது. கேப்டன் இல்லை, சமையல்காரர். "மேடம், கொஞ்சம் பொறுங்கள். பிறகு மாடிக்குப் போய்ப் பாருங்கள்."

எங்கள் மொட்டை மாடியிலிருந்து கடல் தெரியும். ஏறிப் போய் நின்றோம். மழை விட்டு வெயில் அடித்தது. அந்தத் துருப்பிடித்த கப்பலின் முன்முனையிலிருந்து பின்முனை வரை கயிறு ஒன்று மெல்ல ஏறியது. அதில் சிவப்பு, மஞ்சள், நீலம் என்று சிக்னல் கொடிகள் அத்தனையும் வரிசையாகத் தோரணம் கட்டியிருந்தன. தேசியத் திருநாட்களில் கப்பல்கள் அப்படிக் கட்டிக்கொள்வது வழக்கம். கீழே இறங்கி ஓடிவந்து ரேடியோவை எடுத்தால், சமையல்காரர் சொல்கிறார், "மேடம், இன்று எங்கள் கப்பலின் தேசிய தினம். எங்களுக்கு வேறு நாடு இப்போது இல்லை. வாழ்த்துச் சொல்லுங்கள். ஜோக்கும் வேண்டும்." பக்கத்து நிலக்கரிக் கப்பல் நீளமாக ஹாரன் அடித்தது.

அக்காவுக்கு ஜோக் வரவில்லை. வாழ்நாளில் முதல் தடவை. கடைசியில் மேனேஜர்தான் மைக்கை வாங்கி ஒரு ஜோக் சொன்னார். படுமட்டமான ஜோக். கப்பலில் எல்லாரும் சிரித்தார்கள்.

அந்தத் தோரணத்தைக் காசிமேடே பார்த்தது. "அந்தக் கப்பல்ல இன்னா, யாருக்குனா கண்ணாலமா?" என்று மீன்பிடி படகுக்காரர்கள் கிட்டே போய்ப் பார்த்தார்கள். ஆட்களின் முகத்தைப் பார்த்துவிட்டுக் கூடை கூடையாக மீனை மேலே ஏற்றிவிட்டு வந்தார்கள். கரையில் வந்து அவர்கள் சொன்னது பத்திரிகைக்காரர் காதில் விழுந்தது. தோரணம் கட்டிய கப்பலில் பட்டினி கிடக்கிற மனிதர்கள் என்று படத்தோடு செய்தி வந்தது. கோர்ட்டில் யாரோ அதை எடுத்துக் காட்டினார்கள். அதனால்தான் எல்லாம் நடந்தது என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் மாதக்கணக்கில் நகராத காகிதம் பொங்கல் தாண்டி நகர்ந்தது. எல்லாரையும் ஊருக்கு அனுப்ப உத்தரவாயிற்று.

வேனில் ஏற்றி விமான நிலையத்துக்குக் கொண்டுபோன அன்று துறைமுக வாசலில் அக்கா நின்றார். குரலை மட்டுமே கேட்டவர்கள் அவர்கள். இறங்கவிடவில்லை. ஒல்லியான ஒரு ஆள் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி எங்கள் கூட்டத்தைத் தேடினார். அக்கா வாயைத் திறந்தார், அந்தப் பெரிய குரல் வரவே இல்லை. கையை மட்டும் ஆட்டினார். அந்த ஆளுக்கு எப்படித் தெரிந்ததோ, நேராக அக்காவைப் பார்த்து, "மிங்கலாபா மேடம்!" என்று கத்தினார்.

கப்பலை அதற்குப் பிறகு இழுத்துக்கொண்டுபோய் எங்கோ உடைத்துப் போட்டார்கள்.

அடுத்த டிசம்பரில் ஒரு நாள் காலை அக்கா புதுப்புடவையில் வந்தார். கையில் ஸ்வீட் பாக்ஸ். மேனேஜருக்கு, எனக்கு, வாசலில் நின்ற லாரி டிரைவர்களுக்கு என்று எல்லாருக்கும் கொடுத்தார். எனக்கு உடனே பிடிபடவில்லை.

"இன்னாக்கா விசேஷம்?"

"நேஷனல் டே பாய்."

"இன்னைக்கு எந்த நாடு?"

அக்கா ஜன்னல் பக்கம் கையைக் காட்டினார். காசிமேட்டுக்கு நேரே கடல் வெறுமையாக இருந்தது.

"அந்த நாடு பூட்ச்சு" என்றார். "லீவு ஒண்டிதான் பாக்கி கீது."

நான் அந்த வேலையை விட்டு எத்தனையோ ஆபீஸ் மாறிவிட்டேன். அந்தத் தேதியில் இன்றுவரை லீவு போடுகிறேன். காரணம் என்ற இடத்தில் தேசிய விடுமுறை என்றுதான் எழுதுகிறேன். எந்த நாடு என்று இதுவரை யாரும் கேட்டதில்லை.